படைப்புழுவின் செல்களுக்கு உணவு கொடுத்த காலம்

புதூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருந்த சமயம் படைப்புழு விழுந்தது. குருத்துக்குள் புகுந்து தின்றதில் அந்த வருஷ வெள்ளாமையே போயிற்று. அதன் பிறகு எனக்குக் கோவில்பட்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே நான் வளர்க்க வேண்டியிருந்தது அதே படைப்புழுவின் செல்களை. எப்போதோ ஒரு கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து எடுத்தவை, இன்னும் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. தடுப்பூசிக்கான புரதங்களைக்கூட அவற்றைக் கொண்டு தயாரிக்கிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மதினிதான் கேட்டார்: "ஏட்டி, நம்ம காட்ட அழிச்சதையா நீ சோறு போட்டு வளக்குத?"

சோறுதான். குளுக்கோஸ் சர்க்கரையும், குளுட்டமின் என்ற அமினோ அமிலமும் அவற்றுக்கு முக்கியமான உணவு. அந்தக் கோடையில் குளிர்பெட்டி பழுதாகி, இருந்த குளுட்டமின் முழுக்கக் கெட்டுப்போனது. புதிதாக வந்து சேர நாளாகும் என்றார்கள். அதுவரை செல்கள் தாங்காது என்று நான் குடுவைகளைக் காலி செய்யப் போனேன். என்னோடு வேலை பார்த்த அக்கா தடுத்தார்.

"கீழ ஊத்திராதீங்க. சர்க்கரையோட கொஞ்சம் அம்மோனிய உப்பு குடுத்துப் பாப்போம்."

அம்மோனியா செல்களுக்குக் கழிவு. அதையே உணவாகக் கொடுப்பதா என்று எனக்குத் தயக்கம். முதலில் வளர்ச்சி மந்தமாகத்தான் இருந்தது. பிறகு செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கின. அளந்து பார்த்தால் கரைசலில் அம்மோனியா குறைந்திருந்தது. அதைக் கொண்டு தங்களுக்கு வேண்டிய குளுட்டமினை அவை தாங்களே செய்துகொண்டிருந்தன. இன்னொரு குடுவையில் வேறு அமினோ அமிலங்களைக் கொடுத்துச் சர்க்கரையைக் குறைத்தோம். அங்கே அவை அமினோ அமிலங்களை எரித்துச் சமாளித்தன. அதில் கழிவாக வெளிவந்த அம்மோனியா ஏறிக்கொண்டே போனது. கிடைப்பதைப் பார்த்து உள்வேலையை மாற்றிக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியத்தில் மனதைப் பறிகொடுத்தேன். அக்கா அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

கோவில்பட்டிக்கு உரம் வாங்க வந்த மதினியை ஒருநாள் உள்ளே கூட்டிப்போய் நுண்ணோக்கியில் காட்டினேன். உருண்டை உருண்டையாக, லேசாக மின்னிக்கொண்டு கிடந்தன. நடந்ததையும் சொன்னேன்.

"சர்க்கரையும் இல்ல, மத்ததும் இல்லன்னா?"

"செத்துப்போகும் மதினி."

"அதுக்கும் ஒரு அளவு இருக்குல்லா," என்றவர், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னமா பொழைக்குது."

அவர் குரலில் கோபம் இல்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸை நான் ஞாபகப்படுத்தினேன். அடுத்ததில் போய்க்கிடலாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு குடுவையையும் காட்டச் சொன்னார்.