சித்தி என்று சட்டத்தில் இல்லை

பணிமனையில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது. பம்பரம் என்று கேட்டால், ஏதாவது ஒரு பேருந்தின் அடியிலிருந்து கிரீஸ் படிந்த கை ஒன்று நீண்டு, அதோ என்று காட்டும். இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். ஸ்டீயரிங் பிடித்திருக்கும் நேரம் தவிர அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகாததற்கும் அதுதான் காரணம், மாப்பிள்ளைப் பேச்சு முடிவதற்குள் எழுந்து போய்விட்டாள் என்று கண்டக்டர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவளைப் பிடித்து ஓய்வெடு என்கிறது சட்டம். நாலரை மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டுநர் வண்டியைத் தொடக் கூடாது. ஒரே ஒரு பிரிவுதான், மூன்று வரிகூட இருக்காது. அந்த மூன்று வரிக்காகக் கடைசி நிறுத்தத்தில் ஓய்வறை கட்டினார்கள். ஓய்வறையை நம்பி ஒருவர் டீக்கடை போட்டார். மதிய வண்டி எப்போதும் தாமதம் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சாபம் விடுவதும் அதே மூன்று வரியால்தான், ஆனால் சாபம் மட்டும் ஓட்டுநருக்குப் போகிறது. பம்பரம் அந்த அரை மணியும் பேருந்தைச் சுற்றிச் சுற்றி வருவாள், குட்டி போட்ட பூனை மாதிரி. டயரை உதைத்துப் பார்ப்பாள். கண்ணாடியைத் துடைப்பாள். துடைத்ததையே மறுபடி துடைப்பாள்.

இந்த வாரம் அந்தச் சுற்றலும் அவளுக்குப் போதவில்லை. சித்திக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. அது முடிந்து ஆறு வாரம் பக்கத்தில் ஆள் இருந்தே ஆகவேண்டும், தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆள் என்றால் யார்? அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அப்பா போய் எட்டு வருடமாகிறது.

விடுப்பு கிடைக்கும் என்றுதான் நம்பினாள். நெருங்கிய உறவினரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஆறு வாரம் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். அது வந்த பிறகு ஒவ்வொரு பணிமனையிலும் மாற்று ஓட்டுநர்களை எடுத்தார்கள், வீட்டில் சும்மா இருந்த எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்தது. நல்ல பிரிவு. ஆபீஸில் நுழைந்து நின்றவாக்கில் விண்ணப்பத்தை நீட்டினாள். உள்ளே இருந்த கிளார்க் அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"உறவுன்னு கேட்ட இடத்துல சித்தின்னு போட்டிருக்கியே?"

"ஆமாக்கா. சித்திதான்."

"சித்தி சட்டத்துல இல்லையேம்மா."

"சட்டத்துல இல்லாட்டி என்னக்கா, வீட்ல இருக்காங்களே!"

கிளார்க் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே புத்தகத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினாள். "பெற்றோர் என்பது பெற்ற தாய், பெற்ற தந்தை, சட்டப்படி தத்தெடுத்தவர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை. அவ்வளவுதான். வளர்த்தவங்கன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா உன் வேலை முடிஞ்சிருக்கும். சேர்க்கலையே, நான் என்ன பண்ண?"

"அஞ்சு வயசுலேர்ந்து எனக்குத் தலை வாரி விட்டவங்கக்கா."

"உன்னைப் பாத்தாலே தெரியுது, அந்த அம்மா என்ன பாடுபட்டிருக்கும்னு." கிளார்க் அம்மாள் குரலைத் தணித்தாள். "சரி, இது எந்தச் சித்தி?"

"எந்தச் சித்தின்னா?"

"அம்மாவோட தங்கச்சியா, இல்ல உங்கப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்டவங்களா? ரெண்டு பேரையும் சித்தின்னுதானே கூப்பிடறோம். ரெண்டாவதுன்னா இப்பவே முத்திரை போட்டுடுவேன்."

பம்பரத்துக்கு நெருப்பை மிதித்த மாதிரி ஆகிவிட்டது. "அம்மாவோட தங்கச்சிக்கா. எங்க வீட்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது."

"நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லல. சான்றிதழ் வேண்டாம், நீயே உறுதிமொழி எழுதிக் குடுத்தாப் போதும்னு இந்த உட்பிரிவு சொல்லுது. பொய்னு தெரிஞ்சா வேலை போயிடும்னு அடுத்த உட்பிரிவு சொல்லுது. ரெண்டையும் சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாதே. சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள எழுதிட்டு வா."

வேலை போவது இருக்கட்டும். அதைவிடப் பெரிய கத்தி ஒன்று மாற்றாந்தாய் என்ற அந்த வார்த்தையில் இருந்தது. கிளார்க் அம்மாளுக்கு அது தெரியாது.

அம்மா இறந்தபோது பம்பரத்துக்கு ஐந்து வயது. துக்கத்துக்கு வந்த சித்தி திரும்பிப் போகவில்லை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயதுதான். இரும்புக் கடையில் ஆணி, திருகு, தாழ்ப்பாள் விற்கும் வேலை தேடிக்கொண்டு, அக்கா பெண்ணோடு உள்ளறையில் படுத்தாள். அப்பா கூடத்தில் படுத்தார். தெருவுக்கு இது போதாதா? வாய்க்கு வந்ததைப் பேசியது. சித்தி யாருக்கும் பதில் சொன்னதில்லை. யாராவது குழந்தையைக் காட்டிக் கேட்டால், "அக்கா பொண்ணு" என்று இரண்டே வார்த்தை, அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

நான்காம் வகுப்பில் கூடப் படித்த ஒருத்தி, "உங்க சித்தி உங்கப்பாவுக்குப் பொண்டாட்டியாமே" என்றாள். அவ்வளவுதான். பம்பரம் அவளைக் கீழே தள்ளி மூக்கை உடைத்துவிட்டாள். கிழிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து, "என் சித்தி அப்படிப்பட்டவங்க இல்ல, அப்படி இருந்தா நான் செத்தே போயிடுவேன்" என்று கத்தி அழுதாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு வெளியே போனார். சித்தி சட்டையைத் தைத்துக் கொடுத்தாள். ஊர்ப் பழி அவர்களை எப்படிச் சுட்டிருக்கும் என்று அன்று அவளுக்கு நெஞ்சு வெந்தது. இப்போது நினைத்தாலும் வேகும்.

அந்தப் பழியை இன்று அவளே தன் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட வேண்டும்.

மதிய நடையில் வண்டி ஓடியது, மனசு ஓடவில்லை. ஆட்கள் கை காட்டி நின்ற ஒரு நிறுத்தத்தை அவள் பாட்டுக்குத் தாண்டிப் போனாள். பின்னாலிருந்து கண்டக்டர் அண்ணன் விசிலை ஊதித் தீர்த்தார். கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் நேரே அவளிடம் வந்தார்.

"என்னம்மா, நிறுத்தம் கண்ணுல படலையா?"

சொன்னாள். சொல்லும்போதும் பேருந்தைச் சுற்றி நடந்துகொண்டேதான் சொன்னாள். அவரும் கூடவே நடந்து மூச்சு வாங்கினார்.

"நில்லு தாயே, கொஞ்சம் நில்லு! போன வருஷம் நான் லீவு போட்டேனே, ஞாபகம் இருக்கா? எங்கம்மா வயசான காலத்துல வெளியூர்ல ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்க. அவரை நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன். அவருக்கு உடம்பு முடியலன்னு எழுதினேன், மாற்றாந்தந்தை, அரை நாள்ல லீவு. போய் நின்னா அந்த மனுஷன் என்னைப் பாத்து, நீ யாருப்பான்னு கேக்கறாரு. எனக்கு ஆறு வாரம், உனக்கு ஒண்ணுமில்ல. அட, எழுதிக் குடுத்துட்டுப் போவியா!"

"பொய்ண்ணே."

"பொய்தான். யாரு வந்து பாக்கப் போறா?"

"சித்தி பாப்பாங்களே. எந்த வார்த்தைக்காக நான் ஒருத்தி மூக்கை உடைச்சேனோ அதையே எழுதச் சொல்றீங்களே."

அவர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார். எழுதாமல் வீட்டில் நின்றால் பத்தாம் நாள் வேலை நீக்கம், அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. எழுதாமல் வண்டி எடுத்தால் சித்தி தனியாகக் கிடப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிரிவு கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றது. சட்டம் எழுதியவர் யாரோ, எங்கேயோ ஒரு மேசையில், சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதென்று ஒரு வார்த்தையை விட்டிருப்பார். அவரைக் கொண்டுவந்து இந்தப் பேருந்தைச் சுற்ற விட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் ஆபீஸ் மூடப்போகும் நேரத்தில் போய் எழுதினாள். மாற்றாந்தாய். எழுத்து கோணலாக விழுந்தது. கிளார்க் அம்மாள் எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறினாள். சித்தி ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரி தன் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் உடைந்த கதையைச் சொல்லச் சுவாரசியமாகக் கேட்டு, எந்த அளவுத் திருகு போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? லீவு என்னாச்சு?"

"கெடச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? உக்காரு."

உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். "சித்தி, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். நீ என்னை அடிச்சாலும் சரி. சித்திக்கு லீவு இல்லைன்னாங்க. அதனால... அதனால உன்னை மாற்றாந்தாய்னு எழுதிக் குடுத்துட்டேன்."

சித்தி தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு நீ... அப்படின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். தெருவுல பேசின அதே பொய். என்னை மன்னிச்சிடு சித்தி."

"மாற்றாந்தாய்," என்று சித்தி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். முகம் சுளித்தாள். "ஐயே, இதைவிட நல்ல வார்த்தை ஒண்ணு கெடைக்கலையா அவங்களுக்கு?"

"சித்தி, நான் என்ன சொல்றேன், நீ என்ன..."

"பொய்யின்னு சொன்னியே, எதுடி பொய்?"

பம்பரம் நின்றுவிட்டாள்.

சித்தி போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "உனக்கு ஏழு வயசு. நானும் உங்கப்பாவும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தோம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தோம். நீ வாசல்ல நின்னுட்டு, சித்தி வந்தாச்சுன்னு ஓடி வந்து காலைக் கட்டிக்கிட்டே. உங்கப்பா சிரிச்சாரு. கூப்பிடறதுக்கு ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானே, மாத்த வேண்டிய அவசியமே இல்ல, கொஞ்சம் பெரியவளானதும் சொல்லிக்கலாம்னாரு."

"சொல்லவே இல்லையே!"

"சொல்றதாத்தான் இருந்தோம். அதுக்குள்ள நீ ஒரு பொண்ணு மூக்கை உடைச்சுட்டு வந்துட்டே. அப்படி இருந்தா செத்தே போயிடுவேன்னு கத்தினியே. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது? நீ தூங்கினப்புறம் உங்கப்பா கேட்டாரு, இப்படியே இருந்துடட்டுமான்னு. சரின்னுட்டேன்."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தது, அவர் போன பிறகு ஒரு காகிதத்தைக்கூட அவளைத் தொட விடாமல் சித்தியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது, அக்கா பொண்ணு, அக்கா பொண்ணு என்று சொல்லிச் சொல்லி நின்றது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தக் குடும்ப மானத்தைக் காப்பாற்றியதாக இத்தனை வருடம் அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாளே! காப்பாற்றினாளாம். இரண்டு பேர் வாயையும் அவளேதான் அடைத்திருக்கிறாள்.

"எனக்காகவா சித்தி?"

"வேற யாருக்காக?" சித்திக்கு லேசாகக் கோபம் வந்தது. "அழாதே, பக்கத்துல பாக்கறாங்க. ஆமா, அந்தப் பொண்ணு மூக்கு சரியாச்சாடி? அது நெஜத்தைத்தானே சொல்லிச்சு, பாவம்."

அழுகையும் சிரிப்புமாக வந்தது பம்பரத்துக்கு. கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அதற்குள் நர்ஸ் ஒருத்தி வந்துவிட்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் கூட யாரு இருக்கப் போறது? நீங்களா? பேஷண்டுக்கு என்ன உறவு?"

பம்பரம் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வழக்கம்போல அந்த இரண்டு வார்த்தையைச் சித்தியே சொல்லட்டும் என்று அவள் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணு," என்றாள் சித்தி. "என் பொண்ணு."