இரண்டு கோடு

பூனையின் உதட்டைத் தூக்கி, ஈறில் சர்க்கரைப் பாகைத் தேய்த்தார் ஸ்டூரே. தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தது. பூனை சூட்டிஸின் பின்னங்கால்கள் சமையலறைத் தரையில் தனித்தனியே இழுத்துக்கொண்டு கிடந்தன. காதில் குத்தி எடுத்த ரத்தத்துக்குக் கருவி காட்டிய சர்க்கரை அளவு 1.9. நான்குக்குக் கீழே இறங்கக் கூடாது.

"காலையில இன்சுலின் எவ்வளவு போட்டீங்க?" என்றாள் தொலைபேசியில் கால்நடை மருத்துவர்.

"ரெண்டு கோடு. எப்பவும் போல."

"சாப்பிட்டுச்சா?"

தட்டு காலியாக இருந்தது.

"சாப்பிட்ட பூனைக்கு ரெண்டு கோட்டுல இவ்வளவு இறங்காதே. ஊசி போட்டது நீங்கதானா?"

அவர் இல்லை. தபால் பிரிக்கும் வேலைக்கு அவர் காலை நாலரைக்கே கிளம்பி மதியம்தான் திரும்புவார். ஏழு மணிக்கு முன் சூட்டிஸ் தட்டைத் தொடாது. ஏழு மணிக்கு மேல்மாடி மாய்-பிரித் வந்து சோறு வைத்து ஊசி போடுவார். எழுபத்தொரு வயதுப் பெண்மணி, முப்பது வருடமாகத் தனக்கே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அதற்கு ஸ்டூரே வெள்ளிதோறும் ஒரு பொட்டலம் காப்பித்தூளை அவர் கதவில் மாட்டிவைப்பார். திங்களன்று அது ஏலக்காய் ரொட்டியாகத் திரும்பி வரும். யாரும் யாருக்கும் கடன் பட்டிருக்கக் கூடாது. நான்கு வருடத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டு மணியை மற்றவர் அடித்ததில்லை.

மனைவி பிரிந்து உமெயோ நகருக்குப் போனபோது விட்டுச்சென்ற பூனை அது. அதன் காப்பீட்டைத் தொடர மறந்திருந்தார். அதற்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வருடம் செலவுக்குத் தன் படகை விற்றார். "உன் படகு இன்னிக்கு என்ன சாப்பிட்டுது?" என்று வேலையிடத்தில் கேட்பார்கள். "கோழி" என்பார்.

பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியேறி மணியை அடித்தார். கதவைத் திறந்த மாய்-பிரித் துண்டைப் பார்த்தார். கேட்காமலே சொன்னார்.

"பாட்டில் ஒடஞ்சு போச்சு. காலையில கை நழுவிடுச்சு. அது என்ன விலைன்னு எனக்குத் தெரியாதா? சாயங்காலத்துக்குள்ள வேற வாங்கி வச்சிடலாம்னு இருந்தேன். உனக்குத் தெரியவே வேணாம்னு."

"அப்ப இதுக்கு என்ன போட்டீங்க?"

"என்னோட மருந்து. அதே ரெண்டு கோடு."

"எந்த ஊசியில?"

"பூனை ஊசியிலதான். ஒரே மருந்துதானே, ஸ்டூரே."

இன்னும் துண்டிக்காத தொலைபேசியில் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மனிதர் மருந்து இரண்டரை மடங்கு வீரியம், போட்டது ஐந்து கோட்டுக்குச் சமம் என்றாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாகு தடவிக்கொண்டே உடனே சுண்ட்ஸ்வால் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

டாக்சி கூப்பிடுவதாக ஸ்டூரே சொன்னார். மாய்-பிரித்தைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

"டாக்சி வர நாப்பது நிமிஷம். முறை பாக்கற நேரமா இது? கீழ போ, காரை எடுக்கறேன்."

எப்போதும் அறுபதைத் தாண்டாத மாய்-பிரித் அன்று நூறில் ஓட்டினார். வழியில் திம்ரோ ஊர் வருவதற்கு முன் சூட்டிஸின் உடம்பு விறைத்து, கால்கள் காற்றில் நீந்தத் தொடங்கின. ஸ்டூரே விரலை வாய்க்குள் விட்டார். பல் இறங்கியது. விரலை எடுக்காமல் பாகைத் தேய்த்தார்.

"ஏதாவது பேசேன்" என்றார் மாய்-பிரித்.

"ரோட்டைப் பாருங்க."

மருத்துவமனையில் பூனையை உள்ளே வாங்கிக்கொண்டு முன்பணம் கேட்டார்கள். மாய்-பிரித் தன் வங்கி அட்டையை நீட்டினார். ஸ்டூரே தடுக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ஸ்டூரே விடுப்பு எடுத்தார். பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். சூட்டிஸ் நாற்பது கிராம் சாப்பிட்டிருந்தது. சர்க்கரை அளவு 11. கண் தெரியவில்லை. பார்வை சில வாரங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். மதியப் பேருந்தில் போய்ப் புது மருந்துப் பாட்டிலோடு கூட்டிவந்தார். வீட்டில் அது நாற்காலிக் காலில் இரண்டு முறை மோதியது. மாலை ஏழு மணிக்குச் சாப்பிட்டது. மருத்துவர் சொன்னபடி ஒரு கோடு போட்டார். பிறகு மாடிக்குப் போய், நாளைக் காலை வர முடியுமா என்று மாய்-பிரித்திடம் கேட்டார். இனி அந்த ஊசியைத் தொடப் பயமாக இருக்கிறது என்றார் அவர். இன்னொரு நாள் விடுப்புக் கிடைக்காது என்றார் ஸ்டூரே. ஏழு மணிக்கு வருவதாக மாய்-பிரித் சொன்னார்.