மூன்று பேருக்கு ஒரே இருமல்

ஆங்கிலம் கற்பிக்கப் பயிலும் பிள்ளைகளுக்கு நான் ஆலோசகர். கண்டியில் ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில் எனக்கு ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கதிரைகள், ஒரு கொப்பி. எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போவது, வகுப்பில் கை நடுங்கினால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் பதில் சொல்வேன். ஒரு கல்வித் தவணையில் மூன்று தரம் என்னுடன் பேசியிருந்தால்தான் கற்பித்தல் பயிற்சிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லையென்றால் பயிற்சி இல்லை, ஒரு வருடம் வீண். இது கல்லூரியின் சட்டம். ஆங்கிலத்தில் மட்டுமே பேசவேண்டும் என்பது என் சொந்தச் சட்டம். இங்கிலீஷ் டீச்சராக வரப்போகிறவர்கள் என்னிடமே பேசப் பயந்தால் எப்படி? அந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

போன தவணை படியேற என் முழங்கால் மறுத்ததால், சனிக்கிழமைகளில் போனிலேயே ஆலோசனை என்று அறிவித்தேன். என் பொறுப்பில் நான்கு பெண்கள். ஒருத்தி அலவத்துகொட, ஒருத்தி கடுகண்ணாவை, ஒருத்தி மாத்தளைப் பக்கம், நான்காமவள் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவர்களுக்கு நான் பாடம் எடுப்பதில்லை; முகம் தெரியும், குரல் தெரியாது. நால்வரும் கட்டுகஸ்தோட்டையில் ஒரே போடிங் வீட்டில், ஒரே அறையில் இருந்தார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

முதல் சனிக்கிழமையே அசந்துபோனேன். அலவத்துகொடப் பிள்ளை சரளமாகப் பேசினாள். கடுகண்ணாவைக்காரி அதைவிடச் சரளம். மாத்தளைக்காரி நடுவில் ஒரு பகிடியும் விட்டு என்னைச் சிரிக்க வைத்தாள். ஹேவாஹெட்டப் பிள்ளை மட்டும் போனை எடுக்கவே இல்லை. "வரவில்லை" என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன். இரண்டாம் சனிக்கிழமையும் அதே கதை. ஆசிரியர் அறையில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் சனிக்கிழமை அலவத்துகொடப் பிள்ளைக்கு இருமல். கொத்தமல்லி அவித்துக் குடி என்றேன். பத்து நிமிடம் கழித்துக் கடுகண்ணாவைக்காரியும் இருமினாள். ஐயோ பாவம், ஒரே அறையில் இருந்தால் தொற்றத்தானே செய்யும் என்று அவளுக்கும் கொத்தமல்லி சொன்னேன். மாத்தளைக்காரியும் இருமியபோது, பெரிய சட்டியாகப் பார்த்து எல்லோருக்கும் சேர்த்தே அவியுங்கள் என்று ஆங்கிலத்தில் அறிவுரை வழங்கினேன். அப்போதும் சந்தேகம் வரவில்லை. இவ்வளவு படித்து என்ன பிரயோசனம், சொல்லுங்கள்! நான்காமவளுக்கு அன்றும் சிவப்பு மை. அவளுக்குப் பயிற்சி கிடையாது என்ற கடிதத்தையும் அன்றே எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை தேத்தண்ணி வாங்கக் கன்டீனுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் அந்த மூவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. "இருமல் எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். திருதிருவென்று முழித்தார்கள். "யெஸ் மிஸ்" என்றாள் ஒருத்தி. "யெஸ் மிஸ்" என்றாள் மற்றவளும். அந்த நேரம் பார்த்து வரிசையின் கடைசியில் யாரோ இருமினார்கள். சனிக்கிழமை மூன்று தடவை கேட்ட அதே இருமல். திரும்பிப் பார்த்தால், ஹேவாஹெட்டப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

நால்வரையும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது.

"தமிழ்லயே சொல்லித் தொலைங்க," என்றேன்.

அலவத்துகொடப் பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள். "மிஸ்ஸோட இங்லிஷ்ல பேச எங்களுக்குச் சரியான பயம் மிஸ். இவதான் நல்லா பேசுவா. போனை இவட கையில குடுத்துட்டு, கேக்க வேண்டியத நாங்க கடதாசில எழுதிக் காட்டுவோம்."

"ஒருத்தியே மூணு பேரா கதைச்சியா? அப்ப உன் முறைக்கு என்ன வந்துச்சு?" என்று ஹேவாஹெட்டப் பிள்ளை மேல் பாய்ந்தேன்.

"நாலாவது வாட்டியும் அதே கொரல் வந்தா புடிச்சிருவீங்கன்னு பயந்தேன் மிஸ்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. கோபமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதே பெரும் பாடாகிவிட்டது. என் ஆலோசனை முழுவதையும் வாங்கியவள் இவள் ஒருத்தி. "வரவில்லை" என்று மூன்று முறை எழுதியதும் இவளுக்கே.

சரி, யார் எதைக் கேட்டது என்று பிரித்து எழுதுவோம் எனக் கொப்பியைத் திறந்தேன். நான் வாசிக்க வாசிக்க, உரியவள் கை தூக்கினாள். இரண்டாம் சனிக்கிழமை, அலவத்துகொடப் பிள்ளையின் பெயரில் ஒரு கேள்வி: சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை இங்கிலீஷ் டீச்சரையே காணாமல், பிஸ்கட் பக்கற்றையும் உரப் பையையும் வாசித்து ஆங்கிலம் பழகிய ஒருத்தி டீச்சர் ஆகலாமா? அதன் கீழே என் பதில்: கஷ்டம். கந்தோரில் கிளார்க் வேலை ஏதும் பார்ப்பது நல்லது.

"இது நான் கேக்கல்ல மிஸ்," என்றாள் அலவத்துகொடப் பிள்ளை. "எங்கட ஸ்கூல்ல ரெண்டு இங்லிஷ் டீச்சர் இருந்தாங்களே."

மற்ற இருவரும் தங்களுடையதில்லை என்று தலையாட்டினார்கள். பிறகு மூவரும் நான்காமவளைப் பார்த்தார்கள்.

"இவங்க தண்ணி புடிக்கக் கீழ போன நேரம், அது ஒன்னு மட்டும் எனக்காகக் கேட்டேன் மிஸ்," என்றாள். "சொந்தப் பேர்ல கேக்கத் துணிச்சல் வரல. நீங்க அப்படிச் சொன்னதுக்குப் பொறகு, எனக்குன்னு ஒரு தடவையாவது பேசுவோம்னு நெனச்சதையும் விட்டுட்டேன்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அந்தப் பதிலை நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. தேத்தண்ணி ஆறுகிறதே என்ற அவசரத்தில் சொன்னது. மூன்று சனிக்கிழமை என் கண்ணில் மண்ணைத் தூவிய ஆங்கிலம், யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த ஆங்கிலம்! அதனிடம்தான் கந்தோருக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

எழுதி வைத்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மற்ற மூவரும் நேரில் வந்து, பயம் தெளியும்வரை தமிழிலேயே முதலில் இருந்து எல்லாவற்றையும் கேட்கவேண்டும் என்று தண்டனை கொடுத்தேன். தண்டனைக்கு அவர்கள் சந்தோஷப்பட்டது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பிறகு ஹேவாஹெட்டப் பிள்ளையின் படிவத்தை எடுத்து, வந்த நாட்கள் என்ற இடத்தில் மூன்று சனிக்கிழமைகளையும் போட்டேன். கொடுத்த ஆலோசனை என்ற கட்டத்தில், "நான் முன்பு சொன்னது பிழை. இவர் டீச்சர் ஆகலாம், ஆகவேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவளும் ஒப்பமிடுவதற்காக அவள் பக்கம் தள்ளினேன்.

இரண்டு தடவை வாசித்தாள். மேலே பெயர் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என் பேர்லதானே மிஸ் இருக்கு?"

"உன் பேர்லதான்."

பேனையைக் கேட்டு வாங்கினாள்.