வைரவருக்கு முன்னால் கழற்றிய சப்பாத்து

என் அத்தானின் இடக்கையை உடைத்தது உங்கள் அருங்காட்சியகம். உடைத்ததோடு நிற்காமல், சிலையைச் சேதப்படுத்த வந்தவர் என்று அறிக்கையும் விட்டீர்கள். இயக்குநர் அவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சப்பாத்துகள். முன்பக்கம் இரும்பு வைத்த கறுப்பு வேலைச் சப்பாத்துகள். சிட்னிப் புறநகரான செவன் ஹில்ஸில் அவர் வெல்டிங் செய்த பட்டறையில் தீப்பொறி தெறித்து, தோலெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கருகியிருக்கும். அவரிடம் வேறு சோடி இல்லை. அவற்றை உங்கள் பளபளப்பான தரையில், குதி இரண்டும் சேர, சுவரோரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். வன்னியில் ஷெல் கிழித்த கைக்குள் இரும்புத் தகட்டோடு படகேறி வந்தவர். அவருடைய மகளுக்குப் பள்ளியில் சாமுராய்க் காலத்து யப்பான் பாடம். அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டு, மூன்று பேரும் அப்படியே சிட்னி நகரத்துக்கு ரயில் ஏறினோம்.

முதல் அறையில் நீளமான ஒரு சுருள் ஓவியம். அரண்மனை எரிகிறது. குதிரைகள் மனிதர்களை மிதிக்கின்றன. ஈட்டி நுனியில் வெட்டிய தலை. ஓடுகிற பெண்களின் கூந்தலில் தீ. பக்கத்தில் நின்றவர்கள் எவ்வளவு அழகு என்று குசுகுசுத்தார்கள். அத்தான் இடக்கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் ஒரு பழைய தாள். ஒரு போர்வீரன் தான் பட்ட காயங்களை எழுதித் தன் தளபதியிடம் கொடுத்தது. தோளில் அம்பு, முழங்காலில் வெட்டு. தளபதி பார்த்து, உண்மைதான் என்று ஓரத்தில் ஒப்பமிட்டிருக்கிறான். மகள்தான் விளக்கத்தை வாசித்துச் சொன்னாள். "அப்பா, இது அந்தக் காலத்து மெடிக்கல் சேர்ட்டிபிக்கேட்."

அத்தான் சிரித்தார். "பாத்தியாடா, அவனுக்கு ஒருத்தன் சைன் வைச்சிருக்கிறான். எனக்கு? அகதி இன்ரவியூவில கையைக் கழட்டி மேசையில வைக்காத குறை. அப்பவும் நம்பேல்ல."

அதற்கடுத்த அறையில் அந்த மரச்சிலை. கையில் வாள், வெளியே தள்ளிய பல், முதுகுக்குப் பின்னால் நெருப்பு. அத்தான் அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், எங்கட வைரவர்."

"அத்தான், இது யப்பான்காரன்ர சாமி."

"யப்பானுக்குப் போனால் வைரவர் இல்லையெண்டு ஆகிடுவாரோ? நாயை மட்டும் எங்கயோ விட்டிட்டு வந்திட்டார்."

இரவிலும் குண்டுமழைக்குள்ளும் துணைக்கு வந்த காவல் தெய்வம் வைரவர்தான் என்று அவர் எப்போதும் சொல்வார். அதனால் சப்பாத்தைக் கழற்றினார். "அப்பா, இது மியூசியம், ஷூவைப் போடுங்கோ" என்று மகள் கெஞ்சினாள். அவர் சட்டைப் பையிலிருந்து காலையில் கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிலையின் காலடியில் ஒரு நுள்ளு வைக்கத் தடுப்புக் கயிற்றுக்கு மேலால் கையை நீட்டினார். அவ்வளவுதான்.

"பவுடர்! பவுடர்!" என்று உங்கள் காவலாளி ஒருவன் கத்தினான். இன்னொருவன் பின்னாலிருந்து பாய்ந்து அவரை முகம் குப்புறத் தரையில் அடித்தான். கழுத்தில் முழங்காலை ஊன்றினான். தகடு வைத்த கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். "கை, கை" என்று அத்தான் தமிழில் அலறினார். "ஹீ இஸ் ப்ரேயிங்!" என்று மகள் கத்தினாள். நான் ஓடினேன். என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. எலும்பு முறிவது காய்ந்த தடி முறிவது போலவே கேட்கும். உதட்டிலிருந்து ஓடிய இரத்தத்தில் திருநீறு குழைந்து தரையில் கிடந்தது. சிலையில் ஒரு துகள்கூடப் படவில்லை.

பொலிஸ் வந்து, அது சாம்பல் என்று அறிந்து, வழக்கில்லாமல் விட்டது. நீங்கள் விடவில்லை. உங்கள் இணையதளத்தில் இன்றும் அந்த அறிக்கை இருக்கிறது. ஒரு பார்வையாளர் சிற்பத்தைத் தாக்க முயன்றாராம், ஊழியர்கள் தகுந்த முறையில் தடுத்தார்களாம். நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் விடயம் முடிந்துவிட்டது என்று ஒரே பதில்.

அந்தக் கை மறுபடி வெல்டிங் துப்பாக்கியைத் தூக்கவில்லை. அதைவிட அவரைத் தின்றது உங்கள் அறிக்கை. "சாமியை உடைக்கப் போனவன் எண்டல்லோ எழுதிப்போட்டாங்கள்" என்று கதிரையில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். கடைசியில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

போன மாதம் தனியாக வந்து பார்த்தேன். சிலை அங்கேயே நிற்கிறது. போர்வீரனின் தாளும் இருக்கிறது, வெளிச்சம் போட்டு, ஈரம் படாமல், உள்ளங்கையில் ஏந்துவது போலக் காக்கிறீர்கள். எப்போதோ செத்த ஒருவனுடைய முழங்கால் காயத்துக்கு உங்களிடம் அவ்வளவு மரியாதை. உங்கள் தரையில் உடைந்த கைக்கு ஒரு வரிகூட இல்லை.

அத்தானின் சப்பாத்துகளை அன்று உங்கள் ஆள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். டூங்கபியில் அக்கா வீட்டு வாசலில் அவை இன்றும் குதி சேர்ந்தபடி இருக்கின்றன. அக்கா எறிய விடமாட்டாள். மகள் அவற்றைத் தாண்டித்தான் தினமும் வெளியே போகிறாள்.

இயக்குநர் அவர்களே, அந்த அறையின் கமரா எல்லாவற்றையும் பார்த்தது. அந்தப் படத்தை வெளியிடுங்கள். அவர் உடைக்க வந்தாரா, கும்பிட வந்தாரா? மூடிய கடிதத்தில் வேண்டாம். பொய்யை எழுதிய அதே பக்கத்தில், எல்லோரும் பார்க்க, இந்தக் காயம் உண்மை என்று எழுதிக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.