ஜிலேபி பிடித்த கைகள்

செம்பூரில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஜிலேபி வாசம் வந்ததுமே எனக்கு அப்பா இருந்த பழைய சங்கம் நினைவுக்கு வந்தது.

அறுபதுகளில் தாராவித் தோல் பட்டறைக்காரர்களின் கடன் சங்கத்திலும் ஆண்டுக் கூட்டமென்றால் ஜிலேபிதான். சங்கம் எல்லாருக்கும் சொந்தம், ஆளுக்கொரு ஓட்டு என்பார்கள். கடன் மட்டும் தலைவரின் மச்சான்களுக்கே கிடைக்கும்.

நானும் போயிருந்த கூட்டத்தில் அப்பா எழுந்தார். "அண்ணாச்சி, எங்களுக்கு எப்பக் கடன் தருவீய?"

"மொதல்ல சூடா தின்னும்வே" என்றார் தலைவர்.

எல்லாருக்கும் ஜிலேபி கிடைத்த பிறகுதான், "நானே தலைவரா இருக்கட்டுமா? கை தூக்குங்க" என்றார். அப்பாவைத் தவிர அத்தனை பேரும் ஜிலேபியோடு தூக்கினார்கள். அப்பாவோடு கடனுக்கு அலைந்தவர்கூட, முழங்கைவரை வழிந்த பாகை நக்கிக்கொண்டே தூக்கினார்.

இன்று செயலாளர் என்னிடம் தட்டை நீட்டினார்.

"எனக்கு சுகர்" என்றேன்.

"பரவாயில்ல சார், கையை மட்டும் தூக்குங்கோ."