பாவு போட்ட தெருவில் கள்ளிப்பழம்

பெரிய காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, கூடையோடு நெசவாளர் தெருவுக்குள் நுழைகிறேன். மழை பெய்யாத எங்கள் கொல்லை நிலத்தில் நான் நட்ட சப்பாத்திக்கள்ளி, முதல் தடவையாகப் பழுத்திருக்கிறது. விற்காவிட்டால் செடிகளை வெட்டிப்போடுவேன் என்று மகன் சொல்லியிருக்கிறான். எனக்கோ கூவி விற்கக் கூச்சம்.

தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருக்கிறார்கள். நூலை நீவிக்கொண்டிருக்கும் நெசவாளர் ஒருவர் என்னைத் தடுக்கிறார்.

"அந்தாண்ட போ ஆயா. கள்ளிச் சுணைமுள்ளு மாட்டுச்சின்னா இழை அறுந்துபூடும்."

"சுணை இல்லீங்க. மணல்ல பெரட்டி, கோணியில தேச்சி எடுத்தாந்தேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க."

கழிவு நூல் ஒன்றைப் பழத்தில் சுற்றி, மெதுவாக இழுக்கிறார். நூல் எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. இன்னொரு பழத்திலும் இழுத்துப் பார்க்கிறார். பிறகு பாவை விட்டுத் தள்ளிப்போய் உரித்துத் தின்கிறார். உதடெல்லாம் சிவக்கிறது.

"வெத்தல போட்டா மாரி இருக்குது மூஞ்சி. எனக்கும் குடுய்யா," என்று அவர் மனைவி சிரிக்கிறார்.

"காட்டுல சும்மா மண்டிக் கெடக்கறதுதானே ஆயா. நாளைக்கும் ரெண்டு கூடை பறிச்சாந்துடு," என்கிறார் நெசவாளர்.

"கொண்டாறேன். ஆனா காட்டுல பறிச்சது இல்லீங்க. வரிசை புடிச்சி நான் வெச்ச பயிரு."

தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிடுகிறேன்.