ஐயாவுக்கு நான் சொன்ன திகதி

அந்த அஞ்சலட்டையை ஐயா பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். மேலே அவர், பேஸ்மென்ற்றில் நாங்கள். அட்டை, மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்த அவருடைய தகப்பன் எழுதியது. பிறகு ஜப்பானியர் அந்த மனிதரைச் சயாமுக்கு, மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டுபோனார்கள். கூடப் போய்த் தப்பி வந்த ஒருவர், காய்ச்சலில் செத்துவிட்டார் என்று மட்டும் யாழ்ப்பாணத்தில் வந்து சொன்னாராம். எந்த நாள் என்று அவருக்கும் தெரியவில்லை. நாள் தெரியாமல் திதி இல்லை. திதி தெரியாமல் திவசம் இல்லை.

"ஆடி அமாவாசைக்கு எல்லாருக்கும் சேர்த்துத்தான் எள்ளுத்தண்ணி இறைக்கிறன். அந்த மனுசனுக்கெண்டு ஒரு நாள் வேணும், பிள்ளை."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டுமே தெரியும். நானோ பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய அரசியல் படித்தேன். அந்த மொழியையும் வாசிப்பேன். அந்தத் திமிரில், "உதென்ன பெரிய வேலை ஐயா, நான் எடுத்துத் தாறன்" என்றேன்.

"உவள் ஜப்பான்காரனையே வெருட்டிப்போடுவாள்" என்று ஐயா சிரித்தார்.

ரயில் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளரின் பெயர்களை அரசு தேடித்தர வேண்டும் என்று டோக்கியோவில் ஓர் எம்.பி. பேசிவந்தார். அவருக்கு எழுதினேன், தேடுவதாகப் பதில் வந்தது. பின்னர் தேர்தலில் அவர் தோற்றுப்போனார். வென்றவர், இன்னும் எத்தனை காலம் மன்னிப்புக் கேட்பது என்று மேடையில் கேட்டவர். அவருடைய அலுவலகம் இரண்டே வரியில், மிக மரியாதையாக, கைவிரித்தது. போர் வரலாற்றைத் திருத்தி எழுதுபவர்களைச் சாடி அந்த நாட்களில்தான் நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஐயாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. படியில் கண்டபோதெல்லாம் "கடிதம் வந்ததோ?" என்பார். ஒருநாள் என் வாய் ஒரு திகதியைச் சொல்லிவிட்டது. மழைக்காலத்தில், காய்ச்சலும் கொலராவும் பரவிய மாதத்தில், ஒரு நாள். படித்தவள் அல்லவா, பொய்யையும் பொருத்தமாகவே தேர்ந்தெடுத்தேன்.

ஐயா கோயில் ஐயரிடம் போய்ப் பழைய பஞ்சாங்கம் பார்த்து வந்தார். "ஆவணிப் பூரணையாம், பிள்ளை. வெளிச்சத்திலைதான் போயிருக்கிறார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செய்தது பிழையெண்டு ஒத்துக்கொண்டிட்டினமோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா" என்றேன்.

ஐயா இப்போது இல்லை. பக்கத்து நகரான அஜக்ஸில் இருக்கும் அவருடைய மகன் ஆண்டுதோறும் ஆவணிப் பூரணையில் பாட்டனுக்குத் திவசம் கொடுக்கிறார்; என்னையும் தவறாமல் அழைப்பார். ஜப்பான் அரசாங்கமே தேடித்தந்த நாள் என்று தன் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும்போது, நான் இலையிலிருக்கும் சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டுகிறேன்.